சின்செரோ ஏர்போர்ட்: ஊர்க்காரங்க கேட்டதா, ஊர் மேல திணிச்சதா?

மலைநாடோடி:
பெருவுல குஸ்கோ பக்கத்துல சின்செரோன்னு ஒரு மாவட்டம், 3,700 மீட்டருக்கு மேல இருக்கு, பெரும்பாலும் கெச்சுவா பேசுற ஜனங்க. மச்சு பிச்சு போற கூட்டத்துக்காக அங்க இன்டர்நேஷனல் ஏர்போர்ட் கட்டுறாங்க, 2019லயே மண்ணு வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க. இன்கா ராஜா துபாக் யுபாங்கி தனக்குன்னு மாளிகை கட்டின ஊரு அது, அந்தக் கல்லுச்சுவர் மேலயே ஸ்பானியர்கள் சர்ச் எழுப்பினாங்க, கீழ படிவயல் இன்னும் அப்படியே நிக்குது. நான் ரெண்டு நாள் தங்கியிருந்தேன், அந்த உருளைக்கிழங்கு மண்ண ரன்வே ஆக்குறத நினைச்சா வயிறு எரியுது.

பரணி77:
நீங்க ரெண்டு நாள் இருந்தீங்க, அவங்க காலம் பூரா அங்கதான் இருக்காங்க. நிலத்த வித்தது யாரு? யானகோனா மாதிரி ஊர்ச் சமூகங்கதானே, வந்த காசுல வீடு கட்டினாங்க, லாட்ஜ் கட்டினாங்க. குஸ்கோ ஏர்போர்ட்ட பாருங்க, சுத்தி மலை, வேலிய ஒட்டி வீடுங்க, ரன்வேய நீட்டவும் முடியாது. பல வருஷமா இந்த ஏர்போர்ட் எப்ப வரும்னு காத்திருந்த ஜனங்க கிட்ட போயி, போட்டோவுக்கு அழகா இருக்கு, அப்படியே இருங்கன்னு சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கு?

மலைநாடோடி:
அழகுக்காக மட்டும் பேசல சார். குஸ்கோ நகரம் குடிக்கிற தண்ணியில ஒரு பெரிய பங்கு பியுராய் ஏரியில இருந்து போகுது, அந்த ஏரி இதே சின்செரோல தான் இருக்கு. சுத்தி ஹோட்டலும் கான்கிரீட்டுமா ஆச்சுன்னா ஏரிக்கு ஊத்து எங்கருந்து வரும்? 2019ல நதாலியா மஹ்லூஃப்ங்கற கலை வரலாற்றாளர், இந்தத் திட்டத்த மறுபரிசீலனை பண்ணச் சொல்லி, அப்ப ஜனாதிபதியா இருந்த விஸ்காராவுக்கு மனு போட்டாங்க. அதே விஸ்காரா 2017ல போக்குவரத்து மந்திரியா இருந்தப்ப, இந்த ஏர்போர்ட் கான்ட்ராக்ட் தகராறுல தான் ராஜினாமா பண்ணினாரு. அப்புறமும் விடல, 2021ல கொரியாவோட ஹூண்டாய் தலைமையிலான கூட்டு நிறுவனம் கைக்கு வேலை போச்சு.

தறிவீட்டுப்பொண்ணு:
நெசவுக்காரங்கள ரெண்டு பேருமே மறந்துட்டீங்க. சின்செரோ பொண்ணுங்க தறியோட ஒரு முனைய கம்பத்துல கட்டி, மறு முனைய இடுப்புல கட்டிப்பாங்க, உடம்ப பின்னால சாய்ச்சா பாவு, அதாவது நீளவாட்டு நூல், இறுகும், லாமா எலும்பால ஊடைய, அதாவது குறுக்கு நூல, அடிச்சு இறுக்குவாங்க. சப்பாத்திக்கள்ளியில வளர்ற கோச்சினீல் பூச்சிய உள்ளங்கையில வச்சு நசுக்கினா ரத்தச் செவப்பு, அதுல எலுமிச்சம் சாறு விட்டா ஆரஞ்சு. நில்டா கய்யஞாவ்பா அந்த ஊர்ப் பொண்ணு, 1996ல குஸ்கோல நெசவு மையம் ஆரம்பிச்சு அழிய இருந்த டிசைன்கள மீட்டாங்க. துணிய வாங்குறது டூரிஸ்ட்தான், அதனால ஆளே வரவேண்டாம்னு சொல்ல மாட்டேன். என் பயம் வேற. சின்செரோல இறங்கினவன் நேரா வண்டியேறி ஒயாந்தாய்தம்போ போயி மச்சு பிச்சு ரயில பிடிச்சுட்டான்னா, ஊருக்கு மிஞ்சுறது இரைச்சல் மட்டும்தான்.

பரணி77:
தண்ணி விஷயம் நியாயம், ஒத்துக்கறேன், அதுக்கு கறாரா சட்டம் வேணும். ஆனா ஊர் முடிவு பண்ணினத ஊர் முடிவுன்னு தான் நான் எடுத்துப்பேன்.

குறிஞ்சி:
எந்த "ஊர்" பரணி? நம்ம மாதிரியே கெச்சுவாலயும் "நாம்", "நாங்கள்" தனித்தனி. நோகாஞ்சிஸ்னா கேக்கறவனும் சேர்ந்த நாம், நோகாய்குன்னா அவன விட்டுட்டு நாங்க. ஸ்பானிஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான். 1975லயே கெச்சுவாவ ஆட்சிமொழி ஆக்கினாங்க, 2017 கணக்குல சுமார் 38 லட்சம் பேரு அதுதான் தாய்மொழின்னு சொல்லியிருக்காங்க. சின்செரோ பாட்டிங்களுக்கு விளங்குற கெச்சுவால யாராவது பக்கத்துல உக்காந்து ஏரிக்கு என்ன ஆகும், சத்தம் எவ்வளவு வரும்னு பேசியிருந்தா, அப்புறம் வந்த முடிவ நானும் ஊர் முடிவுன்னு சொல்வேன்.

மலைநாடோடி:
நான் தங்கின வீட்டு அம்மாவோட அண்ணன் நிலத்த வித்துட்டாரு, இவங்க விக்கல. ரெண்டு பேருக்கும் சண்டையும் இல்ல, ஒருத்தர் வயல்ல இன்னொருத்தர் போயி வேலை செய்ற அய்னி வழக்கம் நிக்கல. ஜூன் மாச உறைபனியில கிழங்க வெளிய பரப்பி, விடிஞ்சதும் வெறுங்கால்ல மிதிச்சு தண்ணிய பிழிஞ்சு காய வச்சா சூஞோ, வருஷக்கணக்குல கெடாது. அந்தம்மா ஒரு மூட்டையத் திறந்து காட்டினாங்க, கல்லு மாதிரி இருந்துச்சு. பனியில கிழங்கு பரப்ப இனி எந்த மேட்டுக்குப் போறதுன்னு தான் என்கிட்ட கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல.