பெரியம்மாவோட ஆறு மாச ஊசி

ரேவதி: அம்மா ஊசி இந்த வியாழன். எனக்கு ஆபீஸ்ல ஆடிட். யார் கூட்டிட்டுப் போறீங்க

முரளி: எந்த ஊசி

ரேவதி: எலும்புக்கு ண்ணா. டெனோசுமாப். ஆறு மாசத்துக்கு ஒண்ணு. போன தடவையும் இதையேதான் கேட்ட

சித்தி: அது போட்டா தாடை எலும்பு அழுகிடுமாமே, நேத்து ஃபார்வர்டு வந்துச்சு. அக்காவுக்கு பல்லு வேற ஆடுது. இந்த தடவை விட்ருங்களேன்

முரளி: அதானே. கால்சியம் மாத்திரை சாப்பிடுறாங்கல்ல, போதும்

பாலா: 👶🎥

கவிதா: சித்தி, தாடை பிரச்சனை உண்மைதான் ஆனா ரொம்ப அபூர்வம், கேன்சர் எலும்புக்கு பரவினவங்களுக்கு இதே மருந்த பெரிய டோஸ்ல மாசாமாசம் போடுவாங்க, அவங்களுக்குதான் அதிகம் வருது, அம்மாவுக்கு 60 மில்லிகிராம்தான். பல்ல டென்டிஸ்ட் கிட்ட காட்டி இந்த ஊசி போடுறோம்னு சொல்லணும், எப்போ பிடுங்கலாம்னு டாக்டருங்க பேசி முடிவு பண்ணட்டும். நாமளா நிறுத்தவே கூடாது, ஏன்னா ஆறு மாசம் தாண்டினா மருந்தோட வேலை முடிஞ்சு எலும்பு முன்னைவிட வேகமா கரைய ஆரம்பிக்கும், அப்படி விட்டுட்டு முதுகெலும்பு ரெண்டு மூணு இடத்துல நொறுங்கினவங்க இருக்காங்க. ஏழு மாசத்த தாண்டவே கூடாது. நிறுத்தித்தான் ஆகணும்னா ஜோலெட்ரோனிக் ஆசிட் மாதிரி வேற மருந்து குடுத்துட்டுதான் நிறுத்துவாங்க. கால்சியம் மட்டும் போதாது ண்ணா, எலும்பு எவ்வளவு கெட்டியா இருக்குன்னு ஸ்கேன்ல பாக்குற டி ஸ்கோர் அம்மாவுக்கு மைனஸ் 3.1, ரொம்ப குறைவு

பாலா: யப்பா

சித்தி: வாராவாரம் ஒரு மாத்திரை சாப்பிட்டாளே, அதையே குடுக்கலாமே

ரேவதி: அலெண்ட்ரோனேட்டா. வெறும் வயித்துல ஒரு டம்ளர் தண்ணியோட முழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்கக்கூடாது. அம்மா முழுங்கின கையோட காபி குடிச்சுட்டு படுத்துப்பாங்க. நெஞ்செரிச்சல்ல துடிச்சதாலதான் டாக்டர் மாத்தினார்

கவிதா: மணிக்கட்டு உடைஞ்சப்போ ராத்திரி முழுக்க நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம்

முரளி: ஆரம்பிச்சிட்டியா

கவிதா: இடுப்பு உடைஞ்சா நடக்கவே முடியாம போயிடும் ண்ணா, பயமா இருக்கு

பாலா: பாத்ரூம்ல கைப்பிடி போட்டாச்சா

முரளி: ஆள் வர்றேன்னான். வரல

ரேவதி: ஊசிக்கு முன்னாடி ரத்தத்துல கால்சியம் பாக்கணும், குறைவா இருந்தா போடமாட்டாங்க. நாளைக்கு யாரு

பாலா: டெஸ்ட்டுக்கு பெரியம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்

முரளி: வியாழன் பாக்குறேன். சாயங்காலம் சொல்றேன்

கவிதா: பாக்குறேன் இல்ல ண்ணா, வர்றேன்னு சொல்லு

சித்தி: பாலா வீடியோ ஓபன் ஆகல, திரும்ப அனுப்புடா