சர்வதேச நிதியில் பட்டப்படிப்பு: சேர முதல் என்ன கேட்க வேணும்?

வெள்ளவத்தைப்_பையன்:
வணக்கம் அண்ணாமார், அக்காமார். உயர்தரம் வர்த்தகப் பிரிவு, தமிழ் மொழிமூலம். இசட் புள்ளி வந்துவிட்டது, வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. அதற்குள் கொழும்பில் தனியார் கம்பஸ்களில் சர்வதேச நிதி, வங்கியியல் மாதிரிப் பட்டங்கள் விசாரித்தேன். ஒரு இடத்தில் மூன்று வருடமும் பிரித்தானியப் பல்கலைக்கழகப் பாடத்திட்டம். இன்னொரு இடத்தில் இரண்டு வருடம் எச்என்டி (உயர் டிப்ளோமா), கடைசி வருடம் டொப்-அப் (அந்த டிப்ளோமாவைப் பட்டமாக்கும் இறுதி வருடம்). இரண்டிலும் பீஸ் பாதி ரூபா, பாதி பவுண்ஸ். எதைக் கவனிக்க வேணும்? ஓ/எல் கணிதத்தோடு நின்றவனுக்கு இது தாங்குமா? சிஎப்ஏயும் (முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான தொழில்சார் தகைமை) கூடவே செய்யலாமா?

பற்றுவரவு:
தம்பி, காசில்லாமல் கிடைக்கக்கூடியதை முதலில் பாருங்கோ. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் நிதிக்கென்றே சிறப்புப் பட்டம் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழக முகாமைத்துவ நிதிப் பீடத்திலும் நிதியைச் சிறப்புத் துறையாக எடுக்கலாம். சான்றிதழில் "சர்வதேச" என்று அச்சடித்திருக்க வேணும் என்பதற்காக இலட்சக்கணக்கில் கொட்டுவது வீண். உங்கள் மாவட்டத்தின் போன வருட வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கோ.

தனியார் என்றால் டொப்-அப்பில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுப்படுவது. பிரித்தானிய ஹொனர்ஸ் பட்டம் 360 கிரெடிட். எச்என்டி 240, மிச்சம் 120ஐ மட்டுமே பல்கலைக்கழகம் தருகிறது. அதனால் வகுப்புத்தரம் பொதுவாக அந்த ஒரே வருடப் புள்ளியில் நிற்கும், ஒரு பாடம் சறுக்கினாலும் இறங்கிவிடும். எச்என்டி முடித்தவருக்கு இறுதி வருட இடம் உறுதியா, என்ன பெறுபேறு வேணும், நடுவில் அந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் முடிந்தால் படிப்பவர்கள் கதி என்ன, இவற்றுக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கோ. கவுண்டரில் இருப்பவர் வாயால் சொல்வது கணக்கில் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா என்பதை நீங்களே ஆணைக்குழுவிடம் கேட்டு உறுதிப்படுத்த வேணும்.

பீஸ் விஷயம். பவுண்ஸ் பகுதி 6,000 என்று வைப்போம். பவுண் 400 ரூபா என்றால் 24 இலட்சம். 460 ஆனால் 27 இலட்சத்து 60 ஆயிரம். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டதும் (வீதத்தைச் சந்தையிடம் விட்டதும்) டொலர் 200 அளவிலிருந்து இரண்டு மாதத்துக்குள் 360 வரை போனதை மறக்க வேண்டாம். மூன்று வருடத் தவணை என்றால் அந்த ஆபத்து முழுக்க அப்பாவின் தலையில். லண்டனில் மாமா, சித்தி யாரும் உதவுவதாக இருந்தால் அனுப்பும் பவுண்ஸை ரூபாவாக்காமல் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைத்து அதிலிருந்தே கட்டுங்கோ. ரூபாவாக்கித் திரும்ப பவுண்ஸ் வாங்கினால் வங்கியின் வாங்கல், விற்பனை வீத இடைவெளியை நீங்கள் சும்மா கொடுக்கிறீர்கள்.

நாணயச்சுழி:
கணிதத்துக்குப் பயப்பட வேண்டாம். சுட்டியும் மடக்கையும் ஓ/எல்லில் வந்ததுதான். புதிதாக வேண்டியது வகையிடல் கொஞ்சம், புள்ளிவிபரவியல் நல்லாக. ரிக்ரஷன் (ஒரு மாறி இன்னொன்றோடு எப்படி மாறுகிறது என்று கணிப்பது) விளங்காமல் இரண்டாம் வருடத்தைத் தாண்டுவது கஷ்டம்.

சர்வதேச நிதியில் கணக்குப் பகுதியின் முதுகெலும்பு வட்டி வீதச் சமநிலை: இரண்டு நாணயங்களின் வட்டி வித்தியாசத்தை வைத்து ஃபோர்வர்ட் வீதத்தை, அதாவது பின்னொரு நாளில் மாற்ற இன்றே பேசி வைக்கும் விலையைக் கணிப்பது. இன்று டொலர் 300. ரூபா வட்டி வருடம் 9%, டொலர் வட்டி 5%. மூன்று மாத ஃபோர்வர்ட் வீதம்: 300 × 1.0225 ÷ 1.0125 = 302.96. வட்டியை நாலால் பிரிக்க மறந்து 1.09, 1.05 போட்டால் 311.43 வரும்; புள்ளி போவது பெரும்பாலும் இங்கேதான். அடுத்த பிழை மேலேயும் கீழேயும் மாற்றிப் போடுவது. விலை ரூபாவில் சொல்லப்பட்டால் ரூபா வட்டிதான் மேலே. வட்டி கூடிய நாணயத்தின் பெறுமதி ஃபோர்வர்டில் குறைய வேணும், விடையை அப்படிச் சரிபாருங்கோ.

வங்கியின் டொலர் வாங்கல் 296, விற்பனை 304 என்று இரண்டு வீதம் தந்தால், ஏற்றுமதியாளருக்கு 296, இறக்குமதியாளருக்கு 304. எப்போதும் உங்களுக்கு நட்டமான பக்கம்தான் உங்களுடையது.

எக்ஸெலில் என்பிவி (நிகர தற்போதைய பெறுமதி) கட்டளை முதல் எண்ணை ஒரு வருடம் கழித்து வருவதாக எடுக்கும். ஆரம்ப முதலீட்டை அடைப்புக்குள் போடாமல் வெளியே கழியுங்கோ.

கொட்டாஞ்சேனை_அக்கா:
சிஎப்ஏ முதல் நிலைக்குப் பட்டம் முடிய 23 மாதத்துக்குள் இருந்தால் தோற்றலாம், அதாவது மூன்று வருடப் பட்டத்தில் முதல் வருடம் முடிந்த பிறகுதான். 180 கேள்வி, நாலரை மணித்தியாலம், பீஸ் டொலரில். கல்குலேட்டர் மட்டும் இப்பவே டெக்சாஸ் பிஏ 2 பிளஸ் வாங்கிப் பழகு தம்பி. சிஎப்ஏ மண்டபத்துக்குள் அதுவும் எச்பி 12சியும்தான் விடுவார்கள். முதல் வருடத்தில் இரண்டையும் இழுக்க வேண்டாம், ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதற்கே நேரம் போகும். தமிழ்மூலம் வாற பிள்ளைகள் கணக்கைச் சரியாகச் செய்துவிட்டு, கீழே "விளக்குக" என்ற பகுதியை வெறுமையாக விடுகிறார்கள்.

வெள்ளவத்தைப்_பையன்:
மிக்க நன்றி. நாணயச்சுழி அண்ணா, பாடக்குறிப்பு ஒன்றில் நாணய வீத ஆபத்தைத் தவிர்க்க ஃபோர்வர்ட் தவிர "பணச் சந்தை வழி" என்றும் இருக்கிறது. போட்டுப் பார்த்தால் விடை ஒன்றேதான். பிறகேன் இரண்டு?

நாணயச்சுழி:
நல்ல கேள்வி. மூன்று மாதத்தில் 100,000 டொலர் வரவேண்டிய ஏற்றுமதியாளர் இன்றே 98,765 டொலர் கடன் எடுக்கிறார் (100,000 ÷ 1.0125; வட்டியோடு அந்த 100,000ஆல் அடைப்பார்). 300க்கு மாற்றினால் 2 கோடி 96 இலட்சத்து 29 ஆயிரத்து 500. மூன்று மாதம் வைப்பிலிட்டால் ஏறத்தாழ 3 கோடி 3 இலட்சம். ஃபோர்வர்டும் அதே தொகைதான், ஏனென்றால் மேலே ஃபோர்வர்ட் வீதத்தையே சமநிலையிலிருந்து எடுத்தோம். பரீட்சையில் அது தனியாகத் தரப்படும், கடன் வட்டியும் வைப்பு வட்டியும் வேறுபடும், விடைகள் பிரியும். இரண்டையும் செய்து, வரவுக்குக் கூடியதையும் கொடுப்பனவுக்குக் குறைந்ததையும் தெரிவுசெய்து ஏன் என்று எழுத வேணும். நிஜத்தில் ஃபோர்வர்ட் கிடைக்காமலும் போகலாம்: 2021 ஜனவரியில் மத்திய வங்கி புதிய ஃபோர்வர்ட் ஒப்பந்தங்களை மூன்று மாதம் நிறுத்தச் சொன்னது.