எல்லை ஒழுங்கைகளுக்குக் கழிவுநீர் இணைப்பு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ

வணக்கம். கொழும்பு மாநகர எல்லையை ஒட்டிய ஒழுங்கைகளுக்காகக் கோரிக்கைக் கடிதம் ஒன்று தயாராகுது. எல்லை மாறி இந்த ஒழுங்கைகள் நகருக்குள் வந்தாலும் தண்ணி பில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம்தான். நகருக்குள் கழிவுநீர்க் குழாய் மாநகர சபையின் பொறுப்பு. நகருக்குள் சேர்ந்தால் மாநகர வரி உடனே வரும், கழிவுநீர்க் குழாய் ஆறுதலாத்தான் வரும். அதுவரை மலக்குழியும் அதை இறைக்கிற கலி பவுசர் வண்டியும்தான்.

சிக்கல் குழாயின் உயர மட்டத்தில்தான். 110 மில்லிமீற்றர் பைப்புக்கு 60 அடிக்கு ஒரு அடி சரிவு வேணும். 120 அடி ஒழுங்கை என்றால் கடைசி வீட்டுப் பைப் ரோட்டு மேன்ஹோலில் சேரும் இடத்தை விட 2 அடி உயரத்தில் தொடங்கோணும். வீட்டு நிலம் மேன்ஹோல் மூடியை விடத் தாழ்வு என்றால் மழைக்குக் கழிவு குளியலறைக்குள்ளேயே திரும்பி வரலாம், அதைத் தடுக்கிற திரும்பாவால்வு (ஒரு பக்கம் மட்டும் ஓட விடும் வால்வு) கட்டாயம். கூரைத் தண்ணியை இதில் விடவே கூடாது. பழைய குழியை இறைத்து, அடியை உடைத்து, மணல் நிரப்புங்கோ. சும்மா மூடினால் பிறகு தாழும்.

கேட்க வேண்டியது: ஒழுங்கை தனியார் நிலம் என்றால் குழாய் போட எல்லா உரிமையாளரின் கையெழுத்தும் கேட்கினமா? மேன்ஹோல் அடிமட்ட அளவை எந்தப் பிரிவில் எடுத்தனீங்கள்? கடித மாதிரி இருந்தால் போடுங்கோ.