கழுவிக் கழுவியே கீறல் போட்ட கதைகள்

கருப்பு வண்டி:

என் வண்டியில் இருக்கும் கீறல்களில் முக்கால்வாசி நானே போட்டவை. எங்கும் இடிக்கவில்லை, யாரும் சாவியால் கிழிக்கவும் இல்லை. பாசமாகக் கழுவினேன், அவ்வளவுதான். இந்த மாதிரி அனுபவம் உங்களுக்கும் இருந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள். என் மானத்தை முதலில் நானே வாங்கிக்கொள்கிறேன்.

கருப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிய வண்டி. முதல் ஆறு மாதம் தினமும் காலையில் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளித் தண்ணீர், பாத்திரம் விளக்கும் சோப்பு, ஒரு மஞ்சள் ஸ்பாஞ்ச். சக்கரத்தைத் தேய்த்த ஸ்பாஞ்சையே அலசிவிட்டு பானெட்டுக்கும் போடுவேன். அலசியாயிற்றே, அப்புறம் என்ன?

ஒரு நாள் ராத்திரி பெட்ரோல் பங்கில் நிற்கும்போது பானெட்டைப் பார்த்தேன். மேலே எரிந்த விளக்குகள் அதில் தெரிந்தன. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய கோடுகள், வட்டம் வட்டமாக. அழுக்கு என்று நினைத்துச் சட்டைக் கையை இழுத்துவிட்டுத் தேய்த்தேன். பக்கத்து வரிசையில் ஒரு பழைய வண்டி நின்றது, தேய்த்து வைத்த வெண்கலம் மாதிரி. அதன் சொந்தக்காரர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி, அது அழுக்கு இல்ல. இப்ப பண்ணிக்கிட்டு இருக்கீங்க பாருங்க, அதனால வந்தது" என்றார்.

டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் நிறுத்திவைத்துப் பத்து நிமிடம் பாடம் எடுத்தார். அந்தக் கோடுகள் உண்மையில் வட்டமே இல்லையாம், எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடுகின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றே 70 மைக்ரான் அளவுக்கு வரும். அந்தப் பூச்சின்மேல் தினமும் காலையில் தூசியை வைத்து நான் உப்புத்தாள் போட்டிருக்கிறேன்.

இப்போது இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பக்கம் தேய்த்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் முக்குவேன். அதற்கும் முன்னால், கை படாமல் ஹோஸ் பைப்பால் நன்றாக அடித்து மண்ணை இறக்கிவிட வேண்டும். சக்கரத்துக்குத் தனி வாளி, தனி துணி. முதல் தடவை இப்படிக் கழுவி முடித்ததும் அலசிய வாளியின் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். நறநறவென்று மணல், ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் குறைவாக. அவ்வளவு நாளும் அது எங்கே இருந்தது என்று யோசித்ததும் வயிறு கலங்கியது.

நிழல் தேடுபவன்:

என்னுடையது காக்கை எச்சம். மரத்தடி நிழல் என்று ஆசையாக நிறுத்தினேன். மூன்று நாள் கழித்து வந்து, காய்ந்துபோயிருந்ததை நகத்தால் சுரண்டினேன். எச்சம் போய்விட்டது, அதன் வடிவம் மட்டும் பெயின்டில் அப்படியே பதிந்திருந்தது. எச்சத்தில் இருப்பது யூரிக் அமிலம், வெயில் சூட்டில் அது இன்னும் வேகமாக அரிக்கும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. இப்போது டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் துணியும் எப்போதும் இருக்கும். ஈரத் துணியை மேலே போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டால் தேய்க்கவே வேண்டாம், அப்படியே எடுத்துவிடலாம்.

பழைய சிவப்பு:

கருப்பு வண்டி அண்ணா, உங்கள் கதையில் கீறல்தான் வந்தது. எனக்கு நிறமே கையோடு வந்துவிட்டது.

அப்பாவின் கார். அவர் போன பிறகு நான்கு வருடம் யாரும் எடுக்கவில்லை. சிவப்பு என்று பெயர்தான். பானெட்டும் கூரையும் வெளுத்து, சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு வகை ரோஸ் நிறத்தில் இருந்தன. விரலால் தடவினால் விரலில் பவுடர் ஒட்டும். விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னார். ஒரு தடவை சுத்தம் செய்து பார்க்கிறேனே என்று பாலிஷ் டப்பாவோடு உட்கார்ந்தேன்.

வெள்ளைத் துணியில் கொஞ்சம் எடுத்து நாலு சுற்று தேய்த்துவிட்டுத் திருப்பிப் பார்த்தால், துணி ரத்தம் துடைத்ததுபோல் சிவந்திருந்தது. பெயின்ட்டை உரித்துவிட்டேன் என்று நினைத்து அழுகையே வந்துவிட்டது. தெரிந்த பெயின்டர் ஒருவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் சிரித்தார். அந்தக் காலத்து வண்டியில் கிளியர் கோட் கிடையாது, மேலிருந்து கீழ்வரை நிறம்தான். வெயில் பட்டு மேல்தோல் செத்துவிடும், அதுதான் துணியில் வருகிறது, அடியில் உயிருள்ள நிறம் இருக்கும் என்றார். "ஆனா கூரையிலயும் ஓரத்துலயும் கை வைக்கும்போது பாத்து செய்ம்மா. அங்க பெயின்ட் மெலிசா இருக்கும். சாம்பல் கலர் தெரிஞ்சா அது பிரைமர், நிறத்துக்கு அடியில இருக்குற பூச்சு, அதோட நிறுத்திடணும்."

மாஸ்கிங் டேப் வாங்கி எல்லா ஓரங்களிலும் ஒட்டிவிட்டுத்தான் பிறகு தேய்த்தேன். கையாலேயே, மூன்று வார இறுதிகள். ஒரு கதவு முடிந்ததும் அடுத்ததோடு ஒப்பிட்டால், இரண்டு வேறு வண்டிகளை ஒட்டவைத்ததுபோல் இருந்தது. பாலிஷ் என்பது தேய்த்து எடுப்பது, வாக்ஸ் என்பது மேலே பூசிக் காப்பது, இரண்டும் ஒன்றில்லை என்பதையே அப்போதுதான் கற்றுக்கொண்டேன். வாக்ஸ் பூசிய அன்று மாலை அம்மா வெளியே வந்து, பேசாமல் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு உள்ளே போனார். விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சு எழவில்லை.

ஓட்டுநர் பக்கக் கதவில், ஜன்னல் விளிம்பில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் தெரிகிறது. நான் தேய்த்ததால் வந்தது இல்லை. அப்பா முழங்கையை வெளியே வைத்துக்கொண்டேதான் ஓட்டுவார். அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

வாடகை மெஷின்:

தங்கச்சி, கையால் செய்தீர்களே, நீங்கள்தான் புத்திசாலி. நான் மச்சானிடமிருந்து மெஷின் வாங்கினேன். ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும் வகை, ரோட்டரி. வீடியோக்களில் எல்லாரும் பால்கோவா கிண்டுவதுபோல் சாவகாசமாகச் செய்கிறார்களே, நமக்கென்ன என்று நேராகப் பானெட்டில் வைத்தேன். நடுப்பகுதி அருமையாக வந்தது. தைரியம் வந்து ஓரத்துக்குப் போனேன். ஒரு மாதிரி எரிந்த வாடை. எடுத்துப் பார்த்தால் மடிப்பு நெடுகக் கட்டைவிரல் நீளத்துக்கு வெள்ளைத் தகடு.

புதிதாகப் பழகுபவர்களுக்கு, சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் டூயல் ஆக்ஷன் வகை மெஷின்தான் சரி. அதில் சூடு குறைவு, அழுத்திப் பிடித்தால் சுற்றுவது நின்றுவிடும். மச்சான் இதை எல்லாம் மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்.

வெள்ளைக்காரன் (வண்டி மட்டும்):

வெள்ளை வாங்கினால் கீறல் தெரியாது, உண்மைதான். ஆனால் ஒரு வருடத்தில் பின்பக்கம் முழுக்கக் கடுகு தெளித்ததுபோல் பழுப்புப் புள்ளிகள். கழுவினால் போகவில்லை. புது வண்டி துருப்பிடித்துவிட்டது என்று சண்டை போடக் கிளம்பினேன். நல்லவேளை, அலுவலகத்தில் ஒருவர் தடுத்தார். பிரேக் தேயும்போது பறக்கும் சூடான இரும்புத் துகள் பெயின்டில் குத்தி உட்கார்ந்து, பிறகு அது மட்டும் துருப்பிடிக்கிறதாம்.

அதற்கென்று ஒரு ஸ்ப்ரே கொடுத்தார். அடித்துவிட்டு நின்றேன். ஒரு நிமிடத்தில் புள்ளிக்குப் புள்ளி ஊதா நிறமாகி, கதவு நெடுக ஊதாக் கண்ணீர் வழிந்தது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. வாடைதான், அழுகின முட்டை. மனைவி ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

அப்புறமும் சொரசொரப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொன்னார்: மெல்லிய பிளாஸ்டிக் பையில் கையை விட்டு, கழுவிய பெயின்ட் மேல் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாததெல்லாம் தெரியும். மீதி இருந்ததைக் களிமண் கட்டி மாதிரி இருக்கும் கிளே பாரை, வழுக்கலுக்குத் தண்ணீர் ஸ்ப்ரே அடித்துத் தேய்த்து எடுத்தேன். அந்தக் கட்டி பாதியில் கீழே விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி எடுக்கப் போனேன். "போட்டுடுங்க சார், இனி அது மண்ணு" என்றார்.

கழுவாதவன்:

எல்லாவற்றையும் படித்தேன். நான் எட்டு வருடமாக வண்டியைத் தேய்த்ததே இல்லை. மழையில் நிறுத்துவதோடு சரி. வட்டக் கோடு ஒன்றுகூட இல்லை. வேலை மிச்சம்.

கழுவிக் கொடுத்தவன்:

கழுவாதவரே, ஒரு சந்தேகம். மழைக்குப் பிறகு ஓட்டுநர் பக்கம் காலடி மேட் ஈரமாகிறதா?

நான் ஐந்து வருடம் வண்டி கழுவும் இடத்தில் வேலை பார்த்தவன். ஒரு வாளித் தண்ணீரில் எத்தனை வண்டி என்று கேட்காதீர்கள். சொந்தக்காரர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார், முதலாளி அடுத்த வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நடுவில் வாளியை மாற்ற யாருக்கு நேரம்? கதவின் கீழ்ப்பாதியில்தான் மண் அதிகம், அதைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உட்கார்ந்து எழுவதை மிச்சம் பிடிக்க எல்லாரும் கீழிருந்தே ஆரம்பிப்போம்.

ஒரே ஒரு வாடிக்கையாளர், வயதான அம்மா, தன் துணியைத் தானே கொண்டுவருவார். நாலு மைக்ரோஃபைபர், நாலிலும் மூலையில் இருக்கும் லேபிளை வெட்டி எடுத்திருப்பார். ஒன்று கீழே விழுந்தால் திட்டமாட்டார். பேசாமல் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு அடுத்ததை நீட்டுவார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

வண்டி போற்றுகிறவர்கள் பெயின்ட்டையே பார்க்கிறீர்கள், அதுதான் என் குறை. கதவைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள், சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே போக வேண்டும். மண் அடைத்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் காய்ந்த இலை சேரும். அங்கே வடிகால் அடைத்தால் தண்ணீர் நேராக உள்ளே வரும். எத்தனையோ பளபளா வண்டிகளில் மேட்டைத் தூக்கினால் கீழே குளம்.

அப்புறம், கழுவியதும் அப்படியே ஹேண்ட்பிரேக் போட்டுப் பல நாள் நிறுத்தாதீர்கள். டிஸ்க்கும் டிரம்மும் ஈரத்தில் துருப்பிடித்துப் பிரேக் ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்னச் சுற்று ஓட்டி நாலு தடவை பிரேக் அழுத்திவிட்டு நிறுத்துங்கள்.

கழுவாதவன்:

மேட் ஈரம்தான். ஏசி தண்ணீர் என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் போய்ப் பார்த்தேன். வைப்பர் பள்ளத்தில் ஒரு செடியே முளைத்திருக்கிறது. இரண்டு இலை.

கருப்பு வண்டி:

அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா, பிடுங்குகிறீர்களா?

பழைய சிவப்பு தங்கச்சி, உங்கள் கதையை வீட்டில் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு கவலை. அந்தச் சாம்பல் இடத்தைத் திறந்தபடியா விட்டிருக்கிறீர்கள்? பெட்ரோல் பங்கில் பார்த்த அந்தப் பெரியவரை இப்போது அடிக்கடி சந்திக்கிறேன், அவரிடம் கேட்டேன். பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், வாக்ஸ் மட்டும் போதாது, அடியில் தகடு துருப்பிடிக்க ஆரம்பித்துவிடும் என்கிறார்.

பழைய சிவப்பு:

பெயின்டர் அண்ணனும் இதையேதான் சொன்னார். சிவப்பு அடித்துவிடட்டுமா என்றுதான் முதலில் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. நிறமில்லாத லேக்கரைச் சின்ன பிரஷ்ஷால் அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு கோட் பூசிக் கொடுத்தார். ஒரு ராத்திரி காயவிட்டு, அடுத்த நாள் ஓட்டிப் பார்த்தேன். எனக்குக் கை கொஞ்சம் குட்டை, முழங்கை அந்த இடத்துக்கு ஓர் அங்குலம் பின்னால் வருகிறது.