நான்கு லீற்றர் எங்கே போனது?

உவர்மலை வீடு (குடும்பக் குழு)

ஞாயிற்றுக்கிழமை

[பி.ப. 4:02] நான்: அக்கா இன்னும் எழும்பவில்லை. கனடாவிலிருந்து வந்த களைப்பு. அவள் எழும்புவதற்குள் ஒரு கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று பார்க்கிறேன். திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும்போது கார் குடித்த பெற்றோல் 14.8 லீற்றர். வரும்போது 10.9 லீற்றர். அதே கார், அதே பாதை. போகும்போது ஓட்டியவர் கண்ணன். வரும்போது பெரிய மாமா.

[பி.ப. 4:03] அத்தான்: ஆஹா.

[பி.ப. 4:03] மாமி: நான் அப்போதே சொன்னேன்.

[பி.ப. 4:05] கண்ணன்: நீங்கள் என்ன சொன்னீர்கள் மாமி? ஹபரணை வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டீர்கள், அவ்வளவுதான்.

[பி.ப. 4:05] மாமி: அதைத்தான் சொல்கிறேன்.

[பி.ப. 4:08] கண்ணன்: வாணி, நீ எப்படி அளந்தாய்? திரையில் காட்டுவதை நம்ப முடியாது.

[பி.ப. 4:11] நான்: திரையை நம்பவில்லை. புறப்படுமுன் இங்கே அனுராதபுரச் சந்திப் பக்கம் தாங்கியை நிரப்பினேன். குழாய் தானாக நின்றதும் போதும் என்றேன், அதற்குமேல் ஒரு சொட்டும் விடவில்லை. விமான நிலையத்துக்குக் கிட்ட மறுபடி அப்படியே நிரப்பினேன். இன்று காலை இங்கே வந்து மூன்றாம் முறை. போகும்போது 243 கிலோமீற்றர், வரும்போது 245. இரண்டு கூடியது சோளம் வாங்கத் திரும்பி ஓடியதால். வகுத்துப் பார், உனக்கு லீற்றருக்கு 16.4 கிலோமீற்றர், மாமாவுக்கு 22.5.

[பி.ப. 4:12] அத்தான்: கிட்டத்தட்ட நான்கு லீற்றர்! இன்றைய விலையில் பெருக்கிப் பார் கண்ணா. ஒரு நேரக் கொத்துரொட்டி, குடும்பத்துக்கே.

[பி.ப. 4:16] கண்ணன்: சரி, என் வாதத்தையும் கேளுங்கள். முதலாவது, ரயர். மாமா கட்டுநாயக்காவில் நான்கு ரயருக்கும் காற்று அடித்தார். முன் ரயர் இரண்டும் 26இல் இருந்தன, 33 ஆக்கினார். நான் ஓட்டியது காற்றுக் குறைந்த காரை. இது நீதியா?

[பி.ப. 4:17] அத்தான்: அது நியாயமான கேள்வி.

[பி.ப. 4:18] அம்மா: கார் யாருடையது? காற்றுப் பார்க்க வேண்டியவர் யார்?

[பி.ப. 4:18] கண்ணன்: அம்மா, நீங்கள் எந்தப் பக்கம்?

[பி.ப. 4:20] கண்ணன்: இரண்டாவது, கச்சான் காற்று. ஆடி மாதம். நாங்கள் மேற்கே போகிறோம், காற்று எதிரே. மாமா கிழக்கே திரும்பி வந்தார், காற்று முதுகில். பாய்மரக் கப்பல் மாதிரி வந்து சேர்ந்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

[பி.ப. 4:21] நான்: மாமா இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாடம் எடுப்பது நான்.

[பி.ப. 4:34] பெரிய மாமா: இப்போதுதான் கண்ணாடி கிடைத்தது. எல்லாவற்றையும் வாசித்தேன். தம்பி சொன்னதில் பிழை இல்லை. ரயர் காற்று உண்மை, கச்சான் காற்றும் உண்மை. காற்றுக் குறைந்த ரயர் நசிந்து நசிந்து உருளும், அந்த நசிவுக்கும் பெற்றோல்தான் போகும். அதற்கு அரை லீற்றர் கழித்துவிடு. கச்சான் இரவில் உள்நாட்டில் அவ்வளவு வீசாது. ஆனாலும் சண்டை வேண்டாம், அதற்கும் அரை லீற்றர். மீதி 2.9 லீற்றர். அதற்கு என்ன சொல்கிறாய்?

[பி.ப. 4:35] கண்ணன்: ஏசி?

[பி.ப. 4:36] பெரிய மாமா: நீ ஓட்டியது இரவு. நான் ஓட்டியது தம்புள்ளைக்குப் பிறகு வெயிலில். ஏசி எனக்குத்தான் கூட வேலை செய்தது. அக்காவின் பெட்டிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 23 கிலோ, அதுவும் என் பக்கம். அவளும் என் பக்கம்.

[பி.ப. 4:37] கண்ணன்: ஏற்றம் இறக்கம்?

[பி.ப. 4:37] பெரிய மாமா: திருகோணமலையும் கடல் மட்டம், கட்டுநாயக்காவும் கடல் மட்டம். நடுவில் ஏறினதை இறங்கித்தானே வருகிறோம்.

[பி.ப. 4:38] அத்தான்: கண்ணா, நீ வழக்கைத் தோற்றுக்கொண்டிருக்கிறாய்.

[பி.ப. 4:52] பெரிய மாமா: நான் 31 வருடம் பஸ் ஓட்டினேன். அதிலே கற்றது ஒன்றுதான், கண்ணை எங்கே வைப்பது என்பது. தம்பி முன்னால் போகிற வாகனத்தின் பின்விளக்கைப் பார்த்து ஓட்டுகிறான். அது சிவந்தால் பிரேக், அணைந்தால் அக்சிலேட்டர். கந்தளாயிலிருந்து ஹபரணை வரைக்கும் மாமி பிரேக்கை எண்ணிக்கொண்டு வந்தாளாம். நான் அந்த வாகனத்துக்கு அப்பால் பார்ப்பேன். தூரத்தில் லொறி திரும்பக் காத்து நிற்கிறது என்றால் இங்கேயே காலை எடுத்துவிடுவேன். அங்கே போய்ச் சேரும்போது லொறி திரும்பிவிடும், எனக்கு நிற்க வேண்டிய தேவையே இருக்காது. பிரேக்கை மிதிக்கிற ஒவ்வொரு முறையும் நீ காசு கொடுத்து வாங்கிய ஓட்டத்தைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறாய். பிறகு அதே ஓட்டத்தை மறுபடி வாங்குகிறாய். நிற்கிற வண்டியை எழுப்பி ஓட வைப்பதுதான் பெரிய செலவு. ஓடுகிற வண்டியை ஓட விடுவது மலிவு.

[பி.ப. 4:54] கண்ணன்: மாமா, இது ஹைபிரிட் கார். பிரேக் பிடித்தால் பற்றரிக்குத்தான் மின்சாரம் போகும். வீணாகாது.

[பி.ப. 4:59] பெரிய மாமா: நல்ல கேள்வி கேட்டாய். மெதுவாக, நேரத்தோடு பிடித்தால் பற்றரிக்குப் போகும். அதுவும் முழுவதும் திரும்பி வராது, வழியில் கொஞ்சம் கழியும். திடீரென்று அழுத்தினால் மோட்டார் அவ்வளவையும் வாங்கிக்கொள்ள முடியாது, சாதாரண பிரேக்தான் சில்லைப் பிடிக்கும். அப்போது எல்லாம் சூடுதான். நீ பிடிக்கிற பிரேக் எந்த வகை என்று பின்னால் இருந்தவர்களைக் கேள்.

[பி.ப. 5:00] மாமி: கச்சேரி வகை.

[பி.ப. 5:06] பெரிய மாமா: அடுத்தது வேகம். கந்தளாய்க் காட்டுப் பாதையில் வாணி முள்ளைப் பார்த்தாளாம், 100. கார்களுக்கு ஊருக்கு வெளியே சட்டம் 70. சட்டத்தை விடு, காற்றைப் பார். கையைக் கண்ணாடிக்கு வெளியே வைத்துப் பார்த்திருக்கிறாய் அல்லவா? 40இல் தடவும், 80இல் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. 60ஐ 90 ஆக்கினாலே இரண்டேகால் மடங்கு. கச்சான் எதிரே வீசியது என்கிறாய். நீயே உனக்கு ஒரு கச்சானை உண்டாக்கிக்கொண்டு போனாய்.

[பி.ப. 5:07] அத்தான்: இதைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும்.

[பி.ப. 5:08] கண்ணன்: ஆனால் நான் 4 மணி 20 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன்.

[பி.ப. 5:09] நான்: மாமா 4 மணி 45. சோளம் தின்ற நேரத்தைக் கழித்தால். இருபத்தைந்து நிமிடம் முன்னால் போய் என்ன செய்தாய்? விமானம் மூன்றரைக்குத்தானே இறங்கியது. வாகனத் தரிப்பிடத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்தாய்.

[பி.ப. 5:09] கண்ணன்: ஓ, அதுவும் என் கணக்கிலா?

[பி.ப. 5:10] நான்: இல்லை, பெற்றோல் நிரப்பியது அதற்கு முன். உன் அதிர்ஷ்டம்.

[பி.ப. 5:15] அம்மா: அந்தப் பாதையில் இரவில் 100 என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. யானை கடக்கிற இடம். இனி இரவில் கண்ணன் ஓட்ட வேண்டாம்.

[பி.ப. 5:15] கண்ணன்: வாணி, உனக்கு நன்றி.

[பி.ப. 5:24] அத்தான்: மாமா, என் வானைப் பற்றிக் கேட்க வேண்டும். இறக்கத்தில் நான் கியரை எடுத்துவிட்டு உருள விடுவேன். இயந்திரத்துக்கு வேலை இல்லை, டீசல் மிச்சம். சரிதானே?

[பி.ப. 5:33] பெரிய மாமா: மருமகனே, நானும் அப்படித்தான் ஓட்டினேன், பழைய காலத்து வண்டிகளில். இப்போதைய வண்டியில் அது தலைகீழ். கியரில் வைத்துக் காலை எடுத்தால் சில்லுதான் இயந்திரத்தைச் சுற்றும், எரிபொருள் ஊசி அடைபட்டுவிடும், ஒரு சொட்டும் போகாது. கியரை எடுத்துவிட்டால் இயந்திரம் அணையாமல் இருப்பதற்காகத் தானாகக் குடிக்கும். அதைவிட, இறக்கத்தில் கியர் இல்லாத வானை வெறும் பிரேக்கால் பிடிப்பது என்ன விளையாட்டு? ஏழெட்டுச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு? விட்டுவிடுங்கள்.

[பி.ப. 5:34] அத்தான்: விட்டுவிட்டேன்.

[பி.ப. 5:36] அத்தான்: காரில் 92 ஒக்ரேன் பெற்றோலுக்குப் பதிலாக 95 போட்டால் கூடிய தூரம் ஓடுமா?

[பி.ப. 5:38] பெரிய மாமா: 95 என்பது பலம் அல்ல. இயந்திரத்துக்குள் நேரத்துக்கு முன்னால் வெடிக்காமல் பொறுக்கிற குணம். காரின் கையேடு 92 போதும் என்றால் 95க்குக் கொடுக்கிற காசு கோயில் உண்டியலுக்குப் போகலாம்.

[பி.ப. 5:41] மாமி: இவர் இப்படிப் பேசத் தொடங்கியது 2022இல். அந்த வரிசைகளை மறந்துவிட்டீர்களா? ஆனி மாதக் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். இரவு முழுக்க வரிசையில் கிடந்து, காலையில் முடிந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பி வந்த நாள்கள்.

[பி.ப. 5:43] அம்மா: சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அதற்குப் பக்கத்து ஊர்க்காரர் நாம். போத்தலைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றோம்.

[பி.ப. 5:44] அத்தான்: கடற்கரையில் இருந்துகொண்டு உப்புக்கு அலைந்த கதை.

[பி.ப. 5:51] பெரிய மாமா: பிறகு கியூஆர் குறியீட்டுப் பங்கீடு வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த 20ஐ வைத்துக்கொண்டுதான் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். எந்த நாள், எத்தனை கிலோமீற்றர், எத்தனை லீற்றர். மாமியை உப்புவெளிக்கு ஒருமுறை, மருந்துக்கு ஒருமுறை, சந்தைக்கு ஒருமுறை என்று தனித்தனியாகப் போன நாள்களில் கணக்கு மோசம். மூன்றையும் ஒரே சுற்றில் முடித்த நாள் நல்லது. குளிர்ந்த இயந்திரம் சூடாகும் வரை கூடக் குடிக்கும், மூன்று முறை குளிர்ந்தால் மூன்று முறை. கியூஆர் 2023இல் போனது. கொப்பி போகவில்லை.

[பி.ப. 5:52] பெரிய மாமா: [புகைப்படம்: நீல மட்டைக் கொப்பி, பென்சிலில் எண்கள், ஒரு மூலையில் தேநீர்க் கறை]

[பி.ப. 5:53] கண்ணன்: மாமா, இதில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு இருக்கிறதே. சிவப்பில்.

[பி.ப. 5:53] பெரிய மாமா: ஆம்.

[பி.ப. 6:10] கனடா அக்கா: எழும்பிவிட்டேன். 44 செய்தி! என்ன நடந்தது? யாருக்கு என்ன?

[பி.ப. 6:11] நான்: ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பெற்றோல்.

[பி.ப. 6:14] கனடா அக்கா: வாசித்தேன். கட்டுநாயக்காவில் ஏறினது ஞாபகம், நம் ஊர்க் கோட்டைப் பக்கம் ரோட்டை மறித்து நின்ற மான்கள் ஞாபகம். நடுவில் ஒன்றும் தெரியாது. மாமா ஓட்டியதே எனக்குத் தெரியவில்லை.

[பி.ப. 6:16] பெரிய மாமா: அதுதான் பிள்ளை எனக்கு நற்சான்றிதழ். பஸ்ஸிலும் அதைத்தான் பார்ப்பேன், நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிக்கிறார்களா, சாய்ந்திருப்பவர்கள் தூங்குகிறார்களா என்று.

[பி.ப. 6:19] பெரிய மாமா: இன்னொன்று. பின் இருக்கைக்குக் கிட்ட ஒரு சல்லடை இருக்கிறது, பற்றரிக்குக் காற்றுப் போகிற வழி. மாமி தன் பையை அதோடு அண்டி வைத்திருந்தாள். நான்தான் எடுத்து மடியில் கொடுத்தேன். சல்லடையைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பூனைக்குட்டி செய்யப் போதுமான மயிர். தம்பி, நாளைக்கே துப்புரவாக்கு. நம் ஊர் வெயிலில் அந்தப் பற்றரி மூச்சு விட வேண்டும்.

[பி.ப. 6:20] கண்ணன்: சரி மாமா. ஒரு மீள்போட்டி கேட்கிறேன். புதன் அக்காவைக் கண்டிக்குக் கூட்டிப்போகிறேன். பகலில், அம்மா. 70இல், அம்மா.

[பி.ப. 6:21] அம்மா: 60இல்.

புதன்கிழமை

[பி.ப. 4:47] கண்ணன்: மாமா, திரும்பி வருகிறோம், கந்தளாய். கண்டியிலிருந்து இங்கே வரைக்கும் திரையில் 24.1! அக்கா மாத்தளையிலேயே தூங்கிவிட்டாள்.

[பி.ப. 4:49] பெரிய மாமா: கண்டி மலை. அங்கிருந்து இறக்கம். போன கணக்கு எங்கே?

[பி.ப. 4:50] கண்ணன்: ...

[பி.ப. 4:50] கண்ணன்: 18.7.

[பி.ப. 4:51] பெரிய மாமா: இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுவேன். ஆனாலும் முன்னேற்றம். வண்டி ஓட்டும்போது யார் உன்னைச் செய்தி அனுப்பச் சொன்னது?

[பி.ப. 4:52] கண்ணன்: ஓட்டவில்லை மாமா, ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். மாமிக்குத் தயிர்ச் சட்டி வாங்குகிறேன்.

[பி.ப. 4:52] பெரிய மாமா: காரை அணைத்தாயா?

[பி.ப. 4:55] கண்ணன்: இப்போது அணைத்துவிட்டேன். அக்கா வியர்த்து எழும்பிவிட்டாள்.