ஹெட் ஹன்டர்ஸ் ஆல்பத்தில் அந்த பேஸை வாசிப்பது யார்?

பெரம்பூர் கீபோர்டு:
வணக்கம். ஆறு வருஷமா ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, ஞாயிற்றுக்கிழமை சர்ச். எங்க டிரம்மர் சொல்லி அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பம் கேட்டேன். 1973-ல் வந்தது, மொத்தமே நாலு பாட்டு. முதல் பாட்டு 'கமீலியன்' மட்டும் பதினைந்தரை நிமிஷத்துக்கு மேல. பிராட்வேயில் பஸ் ஏறினதிலிருந்து வீடு வர்ற வரைக்கும் அதேதான் ஓடிச்சு. ஆரம்பத்துல வர்றது பேஸ் கிட்டாரா? கிட்டார் வாசிச்சது யாரு? என் எலெக்ட்ரிக் பியானோ டோன் சாதுவா இருக்கு, அவரோடது உறுமுதே, எப்படி?

ராயப்பேட்டை ரிப்பேர்:
தம்பி, அந்த ஆல்பத்துல பேஸ் கிட்டாரைத் தவிர வேற கிட்டாரே கிடையாது. வெட்டி வெட்டி வர்றது ஹோனர் டி6 கிளாவினெட்ங்கிற கீபோர்டு. அதுக்குள்ள நிஜக் கம்பி இருக்கு. கீயை அழுத்தினா ரப்பர் முனை கம்பியை அடிக்கும், எலெக்ட்ரிக் கிட்டார்ல இருக்கிற மாதிரி பிக்கப் அந்த அதிர்வை எடுத்துக்கும். அதான் கிட்டார்னு தோணுது. ஆரம்ப பேஸும் ஹான்காக் கைதான், ஏஆர்பி ஒடிஸி சிந்தசைசர். பால் ஜாக்சனோட பேஸ் கிட்டாரும் பாட்டுல இருக்கு.

உறுமறது ஃபெண்டர் ரோட்ஸ்ங்கிற எலெக்ட்ரிக் பியானோ. சின்ன சுத்தி ஒரு மெல்லிய உலோகக் குச்சியை அடிக்கும். மெதுவா தொட்டா மணிச் சத்தம், ஓங்கி அடிச்சா உறுமல். உன் கீபோர்டில் டச் ஃபிக்ஸ்டா, அதாவது எப்படி அடிச்சாலும் ஒரே அளவு சத்தம் வர்ற மாதிரி இருக்கான்னு முதல்ல பாரு. என்கிட்ட ரிப்பேருக்கு வர்ற ஆர்கெஸ்ட்ரா கீபோர்டில் நிறைய அப்படித்தான் இருக்கும். ரிவெர்பை (எதிரொலி எஃபெக்ட்) குறை. பெடலிலிருந்து காலை எடு.

மயிலை ரசிகை:
முதல் பாதி முழுக்க ரெண்டே கார்டு, பி ஃபிளாட் மைனர் செவன், ஈ ஃபிளாட் செவன். ஆறரைக் கட்டையில் (பி ஃபிளாட்டை ஸட்ஜமா வெச்சு) கரஹரப்ரியா ராகத்தோட ஸ்வரம் போட்டா சோலோவுக்கு விரல் வழி கிடைக்கும். கமகம் இல்லாததால அதை ராகம்னு சொல்ல மாட்டேன். பேஸைக் கவனிங்க: தைவதத்தில் கிளம்பி, ரெண்டு நிஷாதத்தையும் அடுத்தடுத்துத் தொட்டு ஸட்ஜத்துக்கு வருது. கரஹரப்ரியாவில் ரெண்டாவதா வர்ற காகலி நிஷாதம் கிடையாது, ஆனா அந்த ஒரு ஸ்வரம்தான் எனக்கு உயிர். எடுப்பும் அதீதம், சமத்துக்கு முன்னாடியே கிளம்பிடும்.

அடுத்த பாட்டு 'வாட்டர்மெலன் மேன்' ஆரம்பத்துல புல்லாங்குழல் மாதிரி கேட்கிறது பீர் பாட்டில்! ஆல்பத்தில் தாள வாத்தியம் வாசிச்ச பில் சம்மர்ஸ் ஊதினது, மத்திய ஆப்பிரிக்க பிக்மி மக்களோட இசையைப் பார்த்து. இதையே ஹான்காக் 1962-ல் சாதா பியானோவில் பதிவு செஞ்சிருக்கார். ரெண்டையும் ஒரே ராத்திரியில் கேளுங்க.

பெரம்பூர் கீபோர்டு:
அண்ணா, டச் ஃபிக்ஸ்டாதான் இருந்துச்சு. ஆறு வருஷமா! மாத்தினதும் அதே டோன் வேற வாத்தியம் ஆயிடுச்சு. அக்கா, அந்த ரெண்டு நிஷாதமும் பிடிபட்டுடுச்சு. ஆனா வலது கை சோலோவுக்குப் போனா, பேஸ் வாசிக்கிற இடது கை தாளத்துல பின்னாடி இழுக்குது.

ராயப்பேட்டை ரிப்பேர்:
ஒரு வாரம் வலது கையைத் தொடாதே. பாட்டை ஓடவிட்டு, ஹார்வி மேசன் டிரம்ஸோட இடது கை மட்டும் வாசி. நோட்டை நீட்டாதே, அடிச்ச உடனே விரலை எடு.