மகள் வாக்அவுட் போகணும்னு நிக்கிறா. அனுப்பலாமா? (டெக்சாஸ், பத்தாம் வகுப்பு)

டாலஸ் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். டாலஸுக்கு வடக்கே இருக்கோம். மூத்தவ பப்ளிக் ஸ்கூல்ல பத்தாவது படிக்கிறா. துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு அவ ஸ்கூல் பசங்க அடுத்த வெள்ளிக்கிழமை நாலாவது பீரியட்ல வகுப்பை விட்டு வெளிய வரப்போறாங்களாம். ஃபுட்பால் கிரவுண்டுல கூடி, பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூட்டுல போன பிள்ளைங்க பேரை வாசிக்கிறதா திட்டம். ஸ்கூல் அனுமதி கிடையாது. கலந்துக்கிட்டா அன்எக்ஸ்க்யூஸ்டு ஆப்சென்ஸ், அதாவது காரணமில்லாம லீவு போட்டதா பதிவு பண்ணுவோம்னு பிரின்சிபால் பெத்தவங்க எல்லாருக்கும் மெயில் அனுப்பிட்டார்.

வீட்டுக்காரர் கூடவே கூடாதுங்கிறார். அவர் ஹெச்-1பி வேலை விசா, நாங்க மூணு பேரும் அவரைச் சார்ந்த ஹெச்-4, கிரீன் கார்டு எப்ப வரும்னே தெரியாது. இதுல பேர் கெட்டா என்ன ஆகும்னு அவருக்குப் பயம். போதாததுக்கு அந்த பீரியட்ல கெமிஸ்ட்ரி டெஸ்ட். ஊருல இருக்கிற மாமனார் வரைக்கும் விஷயம் போய், "படிக்க அனுப்பினீங்களா, கோஷம் போட அனுப்பினீங்களா"ன்னு போன்ல கேட்டுட்டார்.

எனக்கு மனசு ரெண்டா கிடக்கு. 2023 மே மாசம் அலென் மால்ல துப்பாக்கிச் சூட்டுல எட்டுப் பேர் செத்தாங்களே, நாங்க பள்ளிக்கூடம் திறக்கிறப்ப ஷூ வாங்கப் போற மால் அது. நேத்து ராத்திரி சாப்பிடும்போது இவ சொல்றா: "அம்மா, புது கிளாஸ் ரூமுக்குப் போனா நான் மொதல்ல பாக்குறது போர்டை இல்ல. கதவு எந்தப் பக்கம், ஜன்னல் திறக்குமான்னுதான்." அதுக்கு மேல எனக்குச் சோறு இறங்கல.

காலேஜ் அட்மிஷனுக்கோ விசாவுக்கோ இது பாதிக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அனுப்புறது சரியா தப்பான்னும் சொல்லுங்க.

பவானிக்காரன்:

தங்கச்சி, அனுப்பாதீங்க. நானும் ரெண்டு பிள்ளைங்களை இந்த ஊர்ல வளர்க்கிறவன்தான், பயம் எனக்கும் இருக்கு. ஆனா 2012 டிசம்பர்ல சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்துல முதல் வகுப்புக் குழந்தைங்க இருபது பேரை ஒருத்தன் சுட்டுக் கொன்னான். ஆறு பெரியவங்களும் போனாங்க. அடுத்த ஏப்ரல்ல, துப்பாக்கி வாங்குறவங்க பின்னணியைக் கூடுதலாச் சரிபார்க்கணும்னு வந்த மசோதாவையே செனட்டுல தோக்கடிச்சாங்க. 54 பேர் ஆதரிச்சும் தேவையான 60 கிடைக்கல. இருபது குழந்தை செத்து அசையாதவங்க, உங்க பொண்ணு ஒரு பீரியட் வெளிய நின்னா அசைவாங்களா? நமக்கு இங்க இருக்கிற ஒரே சொத்து படிப்பு. அதுல கை வைக்காதீங்க.

ஜெர்சி டீச்சர்:

டாலஸ் அம்மா, நான் நியூஜெர்சியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு வேறு வேலை ஓடவில்லை.

விசாவை முதலில் பேசிவிடலாம், தூக்கத்தைக் கெடுப்பது அதுதானே. ஹெச்-4 பிள்ளையின் நிலை அப்பாவின் ஹெச்-1பியைச் சார்ந்தது. பள்ளி வருகைப் பதிவை வைத்து அது போகாது. வகுப்புக்குப் போவதே நிபந்தனையாக இருப்பது எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு. பயப்பட வேண்டியது கைதுக்கு மட்டும். வளாகத்தைத் தாண்டக் கூடாது, சாலையை மறிக்கக் கூடாது, நகரச் சொன்னால் நகர்ந்துவிட வேண்டும். இதை அவளை உட்காரவைத்துச் சொல்லுங்கள். உங்கள் குடியேற்ற வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வருகைப் பதிவு: டெக்சாஸில் ஆறு மாதத்துக்குள் பத்து நாளோ, பத்து நாளின் பகுதிகளோ காரணமில்லாமல் விட்டால்தான் ட்ரூயன்சி (பள்ளிக்கு மட்டம் போடுவது) என்று வழக்கு வரை போகும். பாடத்துக்கு கிரெடிட் கிடைக்க 90 சதவீத வருகை வேண்டும். ஒரு பீரியட் இரண்டையும் தொடாது. பிரின்சிபாலின் மெயிலையும் பகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மாநிலம் பள்ளிகளுக்குப் பணம் தருவதே சராசரி வருகையைக் கணக்கிட்டுத்தான். பிள்ளைகள் வகுப்பில் இல்லையென்றால் அவருக்கு அது பட்ஜெட் பிரச்சினை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1965 டிசம்பரில் அயோவா மாநிலம் டெமோயினில், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்த சில பிள்ளைகளை இடைநீக்கம் செய்தார்கள். அதில் மேரி பெத் டிங்கருக்குப் பதின்மூன்று வயது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1969இல் ஏழுக்கு இரண்டு என்று பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு வந்தது. பள்ளி வாசலில் கால் வைத்ததும் பேச்சுரிமை பறிபோய்விடாது என்றது நீதிமன்றம். ஆனால் அந்தப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வெளியே போனால், காரணமில்லாமல் வகுப்பைத் தவறவிட்டவர்களுக்குத் தருகிற வழக்கமான தண்டனையைப் பள்ளி தரலாம். போராட்டத்தின் நோக்கம் பிடிக்கவில்லை என்பதற்காக அதைவிடக் கூடுதலாகத் தரக் கூடாது. 2018இல் உங்கள் மாநிலத்திலேயே நீட்வில் என்ற ஊரின் பள்ளி மாவட்டம், வாக்அவுட் செய்தால் மூன்று நாள் இடைநீக்கம் என்று அறிவித்தது. அந்த நேரத்தில்தான் எம்ஐடி, யேல் உட்படப் பல கல்லூரிகள், அமைதியாகப் போராடித் தண்டனை வாங்கினால் அதைச் சேர்க்கையில் குறையாகப் பார்க்க மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லின.

இனி பவானிக்கார அண்ணனுக்கு. படிப்பு நம் சொத்து என்கிறீர்கள். நானும் அதைத்தான் நம்புகிறேன், அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். அதனால்தான் பார்க்லேண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018 பிப்ரவரி 14, ஃபுளோரிடாவின் அந்த ஊரில் மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளி. பதினான்கு மாணவர்களும் மூன்று ஊழியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவனுக்குப் பத்தொன்பது வயது, துப்பாக்கியைச் சட்டப்படிதான் வாங்கியிருந்தான். அடுத்த சில நாளிலேயே அந்தப் பள்ளிப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பேசியதைக் கேட்டு நாடே, இவ்வளவு தெளிவு இவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று வியந்தது. பள்ளிக்கூடத்திலிருந்துதான் வந்தது! அந்த ஊர் இருக்கும் பிரவர்ட் கவுண்டியில் அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் அப்போது விவாதப் பயிற்சி இருந்தது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணிச் சோதனை பற்றி, சம்பவத்துக்குச் சில மாதம் முன்னால்தான் இரு பக்கமும் நின்று வாதாடத் தயாரித்திருந்தார்கள். ஜெஃப் ஃபாஸ்டர் என்ற அரசியல் பாட ஆசிரியர், அன்றைக்குக் காலையில் அழுத்தக் குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பாடம் நடத்தியிருந்தார். துப்பாக்கி உரிமைக்காக நிற்கும் தேசிய ரைஃபிள் சங்கம் அதில் ஓர் உதாரணம். மதியம் அந்தப் பள்ளியில் துப்பாக்கி வெடித்தது.

ஒரு வாரத்துக்குள் நூறு பிள்ளைகள் பேருந்தேறி மாநிலத் தலைநகர் டாலஹாசிக்குப் போனார்கள். அவர்கள் வந்து சேர்ந்த அதே நாளில், தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடையை விவாதத்துக்குக்கூட எடுக்க மறுத்தது கீழவை. பார்வையாளர் மாடத்தில் இருந்த சில பிள்ளைகள் அங்கேயே அழுதார்கள். ஆனால் திரும்பிப் போய்ச் சும்மா இருக்கவில்லை. மார்ச் 9ஆம் தேதி குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்ட சட்டம் ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கிகளை வாங்கும் வயதையும் 21 ஆக்கியது, அவற்றுக்கும் மூன்று நாள் காத்திருப்பைக் கொண்டுவந்தது, ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் துப்பாக்கியை வாங்கி வைக்க வழி செய்தது. எல்லாம் கிடைக்கவில்லை. பள்ளி ஊழியர் சிலருக்கு ஆயுதம் தருகிற பிரிவும் அதில் சேர்ந்தது, எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஃபுளோரிடாவில் அது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். மார்ச் 14 காலை பத்து மணிக்கு, இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் என்று பதினேழு நிமிடம் நாடு முழுவதும் பிள்ளைகள் வெளியே வந்தது அதற்குப் பிறகு.

படிப்பை விட்டு வெளியேறியவர்கள் என்று இவர்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1951 ஏப்ரலில் வர்ஜீனியாவின் ஃபார்ம்வில்லில், பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண் தன் பள்ளியையே வெளியே அழைத்து வந்தாள். 180 பேருக்குக் கட்டிய கட்டடத்தில் 450க்கு மேற்பட்ட கறுப்பினப் பிள்ளைகள். மிச்சப் பேருக்குத் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகை. அவர்கள் கேட்டது நல்ல பள்ளிக்கூடம். அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்த வழக்கு, 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பான பிரவுன் வழக்கின் ஐந்து வழக்குகளில் ஒன்று. பள்ளி வேண்டும் என்பதற்காகத்தான் பள்ளியை விட்டு வந்தார்கள்.

படிப்பு கெடுவதைப் பற்றி இன்னொன்று. எங்கள் மாநிலச் சட்டப்படி மாதந்தோறும் ஒரு தீ விபத்துப் பயிற்சி, ஒரு பாதுகாப்புப் பயிற்சி. பாதுகாப்புப் பயிற்சிக்கு அறிவிப்பு வந்ததும் கதவைப் பூட்டுவேன், விளக்கை அணைப்பேன், கதவுக் கண்ணாடியில் தெரியாத மூலையில் எல்லாரும் தரையில். உயரமான பையன்கள் காலை மடக்கிக்கொண்டு, சின்னப் பெண்கள் முதுகுப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. யாரோ வெளியிலிருந்து கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார்கள். அது உதவித் தலைமையாசிரியர்தான் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் மூச்சு நிற்கும். பிறகு விளக்கைப் போட்டு இருபடிச் சமன்பாட்டைத் தொடர வேண்டும். அன்றைக்கு யார் மண்டையிலும் எதுவும் ஏறாது. பிள்ளைகள் இழக்கிற வகுப்பு அதுவும்தானே? அதற்கு யாரும் ஆப்சென்ட் போடுவதில்லை.

ஆனால், அம்மா, நான் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பச் சொல்ல மாட்டேன். டெஸ்ட்டிலிருந்து தப்பிக்க வெளியே போகிற பிள்ளைகளும் உண்டு, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உங்கள் மகளிடம் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்தச் சட்டம் வேண்டும், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, உங்கள் தொகுதியின் மாநிலப் பிரதிநிதி யார், அவர் எப்படி ஓட்டுப் போட்டார். எழுத முடிந்தால் போகட்டும்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். இந்த நாட்டில் 2020 முதல் பிள்ளைகள், பதின்வயதினர் இறப்புக்கு முதல் காரணம் துப்பாக்கி. அதில் பெரும்பகுதி பள்ளியில் நடப்பதில்லை, வீட்டில், தெருவில். இளையவளைத் தோழி வீட்டில் தங்க அனுப்பும் முன், "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா" என்று கேளுங்கள். கடலை அலர்ஜி பற்றிக் கேட்கிற மாதிரி சாதாரணமாகவே கேட்கலாம். டெக்சாஸில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அட்லாண்டா பையன்:

ஆன்ட்டி, 2018 மார்ச்ல நான் லெவன்த் கிரேடு, நானும் வெளிய போனேன். சனிக்கிழமை டிடென்ஷன் கொடுத்தாங்க. போய் உட்கார்ந்து ஹோம்வொர்க் முடிச்சிட்டு வந்தேன். காலேஜ்ல யாரும் அதைப் பத்திக் கேட்கல.

நானும் ஹெச்-4ல வளர்ந்தவன்தான். இருபத்தொண்ணு ஆனதும் எஃப்-1க்கு மாறினேன், இப்ப ஹெச்-1பி. என்னோட அன்னிக்கு வெளிய வந்த ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் பதினெட்டு ஆனதும் ஓட்டுப் போட்டாங்க. எனக்கு இன்னிவரைக்கும் ஓட்டு கிடையாது. எட்டு வயசுல இருந்து இங்கதான் இருக்கேன், டீச்சர் அக்கா சொன்ன மாதிரி கதவைப் பூட்டிக்கிற லாக்டவுன் ட்ரில்ல அவங்க பக்கத்துலதான் உட்கார்ந்தேன். என் அபிப்பிராயத்தைச் சொல்ல எனக்குக் கிடைச்ச இடம் அந்த கிரவுண்டு மட்டும்தான். உங்க பொண்ணுக்கும் அப்படித்தான். அங்கிள் கிட்ட இதைச் சொல்லுங்க.

இங்க பக்கத்துல வைண்டர்ல அப்பலாச்சி ஹைஸ்கூல், 2024 செப்டம்பர் 4. ரெண்டு ஸ்டூடண்ட்ஸ், ரெண்டு டீச்சர்ஸ் செத்தாங்க. டீச்சர்ஸ் கழுத்துல மாட்டுற எமர்ஜென்சி பட்டன் கார்டு அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் கொடுத்திருந்தாங்க, அதை அழுத்தினதாலதான் போலீஸ் உடனே வந்தது. சுட்டதா கைதானவனுக்கு வயசு பதினாலு. துப்பாக்கி கைக்குக் கிடைக்க விட்டாருன்னு அப்பா மேலயும் கேஸ் போட்டாங்க. டீச்சர் அக்கா சொன்ன அந்தப் பூட்டு விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க.

பவானிக்காரன்:

டீச்சரம்மா, விவரமா எழுதினதுக்கு நன்றி. என் பிள்ளைங்களை நான் அனுப்ப மாட்டேன், அதுல மாத்தம் இல்ல. ஃபுளோரிடாவுல நடந்ததுக்குக் காரணம் அதே ஊர்ல பதினேழு பேர் செத்தது. அந்தக் கோபம் அங்க இருந்தது. எங்கேயோ ஒரு கிரவுண்டுல நிக்கிறவங்களுக்கு அந்த பலம் வராது. ஆனா தங்கச்சி, அனுப்புறதுன்னு முடிவு பண்ணினா கெமிஸ்ட்ரி டீச்சர் கிட்ட முன்கூட்டியே பேசிடுங்க. அன்எக்ஸ்க்யூஸ்டுன்னா டெஸ்ட்டுக்கு முட்டை போடுற ஸ்கூலும் இருக்கு.

டாலஸ் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். மூணு பக்கம் எழுதிட்டா. டெக்சாஸ்ல செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்குற வயசை 21 ஆக்கணும்னு, இங்க யுவால்டி ஊர்ப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களைப் பறிகொடுத்த பெத்தவங்க ஒரு மசோதாவுக்காக அலைஞ்சாங்களாம். ஹெச்பி 2744. அங்க 2022 மே மாசம் பத்தொன்பது குழந்தைங்களையும் ரெண்டு டீச்சரையும் சுட்டவன், பதினெட்டு முடிஞ்ச கையோட கடையில வாங்கின துப்பாக்கி அது. அலென் மால் சம்பவம் நடந்து ரெண்டே நாள்ல, 2023 மே 8ஆம் தேதி, கமிட்டியில எட்டுக்கு அஞ்சுன்னு நிறைவேறியிருக்கு, ரெண்டு ரிபப்ளிகன் ஓட்டோட. அப்புறம் கெடு தேதிக்குள்ள சபைக்கே வராமப் போயிடுச்சு. இத்தனை நாள் இங்க இருந்தும் எனக்கு இது தெரியாது. அவ எழுதினதை அவங்க அப்பா ரெண்டு தடவை படிச்சார். சரின்னு சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. "கேட்டைத் தாண்டக் கூடாது"ன்னார்.

பவானி அண்ணா, கெமிஸ்ட்ரி டீச்சருக்கு மெயில் போட்டேன். வியாழக்கிழமை ஸ்கூல் முடிஞ்சு டியூட்டோரியல் நேரத்துல எழுதிடலாம்னு பதில் வந்துடுச்சு. அந்த மூணு பக்கத்தை எங்க மாநிலப் பிரதிநிதி ஆபீசுக்கும் அனுப்பணும்ங்கிறா. மெயிலா அனுப்பறது நல்லதா, தபால்ல அனுப்பறதா? செஞ்சவங்க யாராவது சொல்லுங்களேன்.